பென்னட் வீட்டுக்கு வாரிசு யார்: ஆஸ்டின் நாவலின் ரசிகர் மறுபுனைவுகள் குறித்து ஒரு மதிப்புரை

ஜேன் ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவல் 1813-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி லண்டனில் மூன்று பாகங்களாக வெளியானது. அதில் மனத்தைப் பறிகொடுத்த வாசகர்கள், ‘இது வேறு மாதிரி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்’ என்று யோசித்துத் தாங்களே எழுதிய மறுபுனைவுகள் இன்று ஒரு தனி வகை என்று சொல்லும் அளவுக்குப் பெருகிவிட்டன. அவற்றைக் காசு கொடுக்காமல் படிக்கக்கூடிய இடங்களில் முக்கியமானது ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்னும் இணையக் காப்பகம். சுருக்கமாக ஏஓ3 என்பார்கள். காரைக்குடியில் இருந்துகொண்டு அதைத் தொடர்ந்து பயன்படுத்திவரும் வாசகி என்ற முறையில், அந்தச் சேவை எப்படி, அங்கே கிடைக்கும் சரக்கு எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சேவையில் பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை, கதைகளில் பெரும்பாலானவற்றைப் பாதியிலேயே மூடிவிடலாம், மிஞ்சும் சிலவற்றுக்காக இரவு கண்விழித்தாலும் தகும்.

இந்தக் காப்பகத்தை நடத்துவது வணிக நிறுவனம் அன்று. 2007-இல் தொடங்கப்பட்ட இலாப நோக்கமற்ற ஓர் அமைப்பு 2009 நவம்பரில் இதைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. வேலை செய்பவர்கள் தன்னார்வலர்கள், செலவு நன்கொடையில் நடக்கிறது, விளம்பரம் என்பதே கிடையாது. 2019-இல், அறிவியல் புனைவுக்கும் மிகைபுனைவுக்கும் வழங்கப்படும் ஹ்யூகோ விருதுகளில் ஒன்று இந்தக் காப்பகத்துக்கே கிடைத்தது. எழுதியவர் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பூட்டிவைத்த கதைகளைத் தவிர, மற்றவற்றைப் படிக்கக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. எழுதி வெளியிட விரும்புகிறவர்கள் மட்டும் அழைப்புக்கு விண்ணப்பித்து, வரிசையில் காத்திருந்து கணக்குப் பெற வேண்டும். ஒவ்வொரு கதையின் தலைப்புக்குக் கீழும் யார் யார் வருகிறார்கள், கதை எங்கே தடம் மாறுகிறது, எந்த வயதினருக்கு உரியது, எத்தனை சொற்கள், முடிந்ததா இல்லையா என்பதெல்லாம் குறிச்சொற்களாக இருக்கும். வேண்டியதைச் சேர்த்தும் வேண்டாததை விலக்கியும் வடிகட்டிக்கொள்ளலாம். ஆயினும் எனக்கு மிகவும் பயன்பட்ட வசதி பதிவிறக்கம்தான். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர்க் கனத்தில், முகப்பில் நன்றாகக் கிடைக்கும் சிக்னல் வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குள் நுழைந்ததும் அறுந்துவிடும். முகப்பில் நின்று முழுக் கதையையும் ஈபப் கோப்பாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ இறக்கிக்கொண்டால், பிறகு எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம். கண் பார்வை மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

கதைகளைப் பற்றிப் பேசுமுன் மூல நாவலின் முடிச்சைச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல மறுபுனைவுக்கும் வெற்று மறுபுனைவுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த முடிச்சில்தான் இருக்கிறது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் லாங்போர்ன் என்ற ஊரில் பென்னட் என்பவருக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானம் தரும் நிலபுலம் இருக்கிறது. ஐந்தும் பெண் பிள்ளைகள். முன்னோர் எழுதிவைத்த கட்டுப்பாட்டின்படி அந்தச் சொத்து ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும் என்பதால், பென்னட் கண்ணை மூடியதும் வீடு வாசல் எல்லாம் காலின்ஸ் என்ற தூரத்து உறவினரிடம் சேர்ந்துவிடும். தாய்க்கும் ஐந்து பெண்களுக்குமாக எழுதிவைத்திருப்பது 5,000 பவுண்டு மட்டுமே. இரண்டாவது மகள் எலிசபெத்தைப் பெண் கேட்க வரும் காலின்ஸ், அவளுடைய பங்கு நான்கு சதவீத வட்டியில் போட்ட 1,000 பவுண்டுதான் என்பதையும், அதுவும் தாயின் காலத்துக்குப் பிறகே கைக்கு வரும் என்பதையும், கல்யாணப் பேச்சுக்கு நடுவிலேயே எடுத்துச் சொல்கிறார். வட்டிக் கணக்கில் வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் வயிற்றையும் கலக்கும். இப்படிப்பட்ட நிலையில் இருக்கும் இருபது வயதுப் பெண், முதலில் காலின்ஸையும் பிறகு ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானமுள்ள டார்சியையும் வேண்டாம் என்று சொல்கிறாள். காதல் கதையாக அந்த நாவல் இருநூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்பதற்கு, அந்த மறுப்புக்குப் பின்னால் இருக்கும் இழப்பின் அளவு வாசகருக்குத் தெரிந்திருப்பதே காரணம் என்று நான் கருதுகிறேன்.

இந்தக் கதைகளைத் தமிழில் வாய்மொழியாகச் சொல்லிக் கேட்க வைத்தபோது, எங்கள் வீட்டுப் பெரிய ஆச்சி கேட்ட முதல் கேள்வி டார்சியைப் பற்றியது அன்று. “ஏம்மா, அஞ்சும் பொண்ணாப் போச்சுன்னா, பங்காளி வீட்டுல ஒரு பயலைப் பிள்ளை கூட்டிக்கிட வேண்டியதுதானே? அதுக்கு எதுக்கு இத்தனை பக்கம்?” என்றார். சுவீகாரம் சர்வ சாதாரணமாக இருக்கும் செட்டிநாட்டில் இது நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் சட்டப்படியான தத்தெடுப்பு 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. தவிர, லாங்போர்ன் போன்ற கட்டுண்ட சொத்தில் அடுத்தவர் யார் என்று தீர்மானிக்கும் உரிமையே பென்னட்டுக்கு இல்லை. ஆனால் கட்டுப்பாடற்ற சொத்துக்குப் பிள்ளை கூட்டிக்கொள்ளும் வழக்கம் அங்கேயும் இருந்தது என்பதற்கு ஆஸ்டினின் குடும்பமே சாட்சி. அவருடைய அண்ணன் எட்வர்ட், பிள்ளையில்லாத வசதியான நைட் தம்பதிக்கு மகனாகப் போய், அவர்களுடைய சொத்துக்கு வாரிசாகி, 1812-இல் குடும்பப் பெயரையும் நைட் என்று மாற்றிக்கொண்டார். தகப்பனார் இறந்தபின் நிலையான வீடில்லாமல் இருந்த தாய்க்கும் இரண்டு தங்கைகளுக்கும் 1809-இல் சாட்டன் என்ற ஊரில் குடியிருக்க வீடு கொடுத்தவர் அவர்தான். அந்த வீட்டில் இருந்துதான் ஜேன் ஆஸ்டின் இந்த நாவலை அச்சுக்குத் தயார் செய்தார். சுவீகாரம் போன அண்ணனின் தயவில் குடியிருந்த பெண் எழுதிய கதை என்று தெரிந்த பிறகு, பெரிய ஆச்சி மேற்கொண்டு கேட்கச் சம்மதித்தார்.

இனி கதைகள். எழுதியவர்கள் புனைபெயரில், காசு வாங்காமல் எழுதுகிறவர்கள் என்பதால் தலைப்புகளையும் பெயர்களையும் இங்கே தரவில்லை. தடம் மாறும் இடத்தை வைத்தே அடையாளம் சொல்கிறேன்.

நான் படித்தவற்றில் மிகச் சிறந்தது, பென்னட் நாவலின் தொடக்கத்திலேயே இறந்துபோவதாக வைத்து எழுதிய கதை. இந்தத் தடமாற்றம் ரசிகர்களிடையே பரவலாக உண்டு; பெரும்பாலும் அதை அழுகைக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்த எழுத்தாளரோ கணக்குக்குப் பயன்படுத்தியிருக்கிறார். 5,000 பவுண்டுக்கு நான்கு சதவீதம் போட்டால் ஆண்டுக்கு 200 பவுண்டு. அதில் ஆறு பெண்கள் எப்படிக் குடித்தனம் நடத்துவார்கள் என்பதை, மெழுகுவத்திக்குப் பதில் கொழுப்புத் திரி, இரண்டு வேலைக்காரிகளுக்குப் பதில் ஒருத்தி, நான்கு கவுனுக்குச் சாயம் ஏற்றித் துக்க உடையாக்குவது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகிறார். காலின்ஸ் வீட்டைப் பொறுப்பேற்க வரும் காட்சி ஒன்று போதும். அவர் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார். கையில் சாமான் பட்டியல் வைத்திருக்கிறார். அலமாரியிலிருக்கும் வெள்ளிக் கரண்டிகள் வீட்டோடு சேர்ந்தவையா, திருமதி பென்னட் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தவையா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார். நாவல் முழுவதும் அசட்டுத்தனமாகப் பேசிக்கொண்டிருந்த அந்த அம்மாள், அப்போது வாயைத் திறக்காமல், ஒரு கரண்டியைத் திருப்பிப் பிடித்து அடிப்பக்கத்தில் வெட்டியிருக்கும் தன் தகப்பனார் வீட்டு எழுத்தைக் காட்டுகிறார். சீராகக் கொடுக்கும் பாத்திரங்களில் பெயரெழுத்து வெட்டிக் கொடுக்கும் எங்கள் ஊரில் இந்தக் காட்சியை விளக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. மூல நாவலில் ஆஸ்டின் கூட அந்த அம்மாளுக்கு இவ்வளவு கண்ணியமான ஓர் இடம் கொடுக்கவில்லை.

அந்தக் கதையில் டார்சி பெண் கேட்கும்போது எலிசபெத் லண்டனில் கிரேஸ்சர்ச் தெருவில், வணிகரான தாய்மாமன் வீட்டில் ஒண்டியிருக்கிறாள். மறுத்தால் திரும்பிப்போக வீடு இல்லை. மறுக்கிறாள். மூலத்தில் வரும் அதே மறுப்புத்தான், ஆனால் விலை கூடியிருக்கிறது. விலை கூடக் கூட அவளுடைய வாக்கியங்கள் குறுகிக்கொண்டே வருவதையும் கவனித்து எழுதியிருக்கிறார்கள். மாற்றியது ஒன்றே ஒன்று. அதிலிருந்து என்னென்ன விளையுமோ அத்தனையையும் தட்டிக்கழிக்காமல் எழுதியிருப்பதுதான் இந்தக் கதையின் பலம்.

இன்னொரு நல்ல கதை சார்லட் லூகாஸின் பக்கம் நின்று எழுதப்பட்டது. எலிசபெத் மறுத்த காலின்ஸை மூன்றாம் நாளே ஏற்றுக்கொள்ளும் இருபத்தேழு வயதுத் தோழி அவள். மூல நாவலில் ஒரு நுணுக்கமான இடம் உண்டு: கல்யாணத்துக்குப் பிறகு சார்லட் தனக்கென்று வீட்டின் பின்புறத்து அறையைத் தேர்ந்துகொள்கிறாள். முன்பக்க அறை அதைவிட வசதியானதுதான். ஆனால் அவள் அங்கே உட்கார்ந்தால் கணவர் எந்நேரமும் வந்து பேசிக்கொண்டிருப்பார் என்பதால் அதைத் தவிர்த்திருக்கிறாள் என்பது எலிசபெத்துக்குப் பிறகுதான் புரிகிறது. இந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக் கதையை எழுதியிருக்கிறார் இந்த ரசிகர். கோழி வளர்ப்பு, தோட்ட வேலைக்குக் கணவரைத் தினமும் சாமர்த்தியமாக அனுப்பிவைப்பது, மாதக் கடைசியில் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அந்தப் பின்னறையில் தனியாக ஒரு கோப்பைத் தேநீர் குடிப்பது என்று போகிறது. காதலே இல்லாத இந்தக் கதை, காதல் நாவல் ஒன்றின் மறுபுனைவுகளில் எனக்குப் பிடித்தவற்றுள் இரண்டாவதாக நிற்கிறது. இரண்டாம் கட்டில் வாழ்நாளைக் கழித்த நம் ஆச்சிமார்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று அறிய ஆசைப்பட்டேன். பெரிய ஆச்சி, “கெட்டிக்காரி” என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார்.

டார்சி எழுதிய கடிதத்தை வைத்து விளையாடும் கதைகளும் நிறைய இருக்கின்றன. நாவலின் 34-ஆம் அத்தியாயத்தில் அவர் பெண் கேட்டு அவமானப்படுகிறார். 35-ஆம் அத்தியாயத்தில் விளக்கக் கடிதத்தை மறுநாள் காலையில் நேரிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தக் கடிதம் கைமாறிப் போனால், பாதி எரிந்துபோனால், ஓராண்டு பிந்திக் கிடைத்தால் என்றெல்லாம் எழுதுகிறார்கள். பெரும்பாலும் சுவாரசியமாகவே இருக்கின்றன, படித்து மறந்துவிடலாம்.

இனி தள்ளவேண்டியவற்றைப் பற்றி. தனியறையில் இருவரும் அகப்பட்டுக்கொண்டு, ஊர் வாய்க்குப் பயந்து கட்டாயக் கல்யாணம் செய்துகொள்ளும் கதைகள் ஏராளம். எலிசபெத் மறுக்கிறாள் என்பதுதான் நாவலின் உயிர். அவளை மறுக்கவே முடியாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பிறகு முந்நூறு பக்கத்துக்கு மனம் கனிவதை எழுதுவதில் எனக்கு ருசி இல்லை. இன்னொரு கூட்டம், எங்கிருந்தோ ஒரு பாட்டியையோ பெயர் தெரியாத மாமாவையோ கொண்டுவந்து எலிசபெத்துக்கு 30,000 பவுண்டு எழுதிவைத்துவிடும். அதன் பிறகு நடப்பவை ஐந்தொகை எழுதாமல் பேரேட்டை மூடிவைத்த கதைதான், வரவு எங்கே செலவு எங்கே என்று கேட்பாரில்லை. இவற்றோடு, நாவலைப் படிக்காமல் படத்தைப் பார்த்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். டார்சி குளத்தில் குதித்து நனைந்த சட்டையோடு எதிர்ப்படும் காட்சி 1995-ஆம் ஆண்டு பிபிசி தொடரில் சேர்க்கப்பட்டது. ஆஸ்டின் எழுதிய நாவலில் அவர் குதிரையேறித் தன் பெம்பர்லி மாளிகைக்கு ஒரு நாள் முன்னதாக வந்துசேர்கிறார், அவ்வளவுதான். மறுபுனைவுகளில் அவர் நனையாத கதையைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

பிறர் படைத்த பாத்திரங்களை எடுத்து எழுதுவது நாகரிகமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்லலாம். முதலாவது, இந்த நாவலின் கதையை முடிந்த இடத்துக்கு அப்பால் நீட்டியவர்களில் முதல் ஆள் ஆஸ்டினேதான். எலிசபெத்தின் தங்கை கிட்டி பெம்பர்லிக்குப் பக்கத்தில் ஒரு பாதிரியாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்றும், இன்னொரு தங்கை மேரிக்கு மாமா அலுவலகத்துக் குமாஸ்தாதான் கிடைத்தார் என்றும் அவர் வீட்டாரிடம் சொல்லியிருந்ததை அவருடைய அண்ணன் மகன் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் காணலாம். 1813 மே மாதம் லண்டனில் ஓவியக் கண்காட்சிக்குப் போன ஆஸ்டின், ஒரு படத்தைப் பார்த்து இது எலிசபெத்தின் அக்கா, கல்யாணமான ஜேன் பிங்லியே என்று மகிழ்ந்ததையும், கடைசியில் டார்சியின் மனைவியாகும் எலிசபெத்தின் சாயலில் ஒரு படத்தைத் தேடிக் கிடைக்காததையும் அக்காவுக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். இரண்டாவது செய்தி நம் ஊர்க்காரர்களுக்கு. காரைக்குடியில் 1939 முதல் கம்பன் கழகம் நடந்துவருகிறது. பங்குனியில் விழா எடுத்து, நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதியில் கொண்டுபோய் முடிக்கிறோம். மிதிலை வீதியில் மாடத்தில் நின்றவளும் கீழே நடந்தவனும் வில் முறியும் முன்பே கண்ணால் சந்தித்துக்கொள்வது வான்மீகத்தில் இல்லை, கம்பர் சேர்த்தது. சேர்த்ததோடு விடவில்லை, அந்த ஒரு பார்வைக்குப் பிறகு இருவரும் உறங்காத இரவையும், வில் முறிந்த செய்தி வரும்வரை அவள் ‘வந்தவன் அவன்தானா’ என்று தவிப்பதையும் எழுதிக் கணக்கைத் தீர்த்தார். அளவு வேறு, தரம் வேறு. ஆனாலும் மாற்றினால் விளைவையும் ஏற்க வேண்டும் என்ற விதி ஒன்றுதான்.

ஆஸ்டினைச் செட்டிநாட்டுக்குக் கொண்டுவருவதும் புதிதன்று. அவருடைய இன்னொரு நாவலைத் தழுவி ராஜீவ் மேனன் எடுத்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படம் 2000-இல் எங்கள் பக்கத்துப் பெரிய வீட்டைக் களமாக வைத்துத்தான் வந்தது. காப்பகத்தில் தமிழில் எழுதப்பட்ட ஆக்கங்கள் மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தில் ஒன்று எனக்குத் தெரிந்த ஓர் இளம்பெண் எழுதிவரும் தொடர் என்பதால் பாரபட்சம் இருக்கலாம் என்பதைச் சொல்லிவிட்டே அதைப் பற்றி எழுதுகிறேன்.

கதை 1930-களில் நடக்கிறது. ஐந்து பெண்கள் உள்ள நகரத்தார் வீடு. வெறும் உடை மாற்றமாக இருக்கும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். இரண்டாம் அத்தியாயத்திலேயே கதை நிமிர்ந்துவிட்டது. காரணம், எங்கள் உறவுமுறை ஆஸ்டினின் கதைக்கு இடங்கொடுக்காது என்பதை அவர் சரியாகப் பிடித்துக்கொண்டார். சுவீகாரம் வருகிற பையன் பெரும்பாலும் பங்காளி வீட்டிலிருந்துதான் வருவான். வந்துவிட்டால் அந்த வீட்டுப் பெண்களுக்கு அவன் அண்ணன் தம்பி. பங்காளிக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. அப்படியானால் வீட்டைச் சுருட்டிக்கொள்ளப்போகிற காலின்ஸ், அதே வீட்டில் பெண் கேட்க முடியாது. எனவே இவர் காலின்ஸை இரண்டு ஆளாகப் பிரித்துவிட்டார்: ஒருவன் பிள்ளை கூட்டி வந்தவன், அடக்கமானவன், தனக்குக் கிடைத்த வீட்டைப் பார்த்துத் தானே கூச்சப்படுகிறவன், மற்றவன் முறைமாப்பிள்ளை, தனக்கு உரிமை உண்டு என்ற நினைப்பிலேயே மிதப்பவன். மூல நாவலில் ஒரே கோமாளியிடம் இருந்த இரண்டு ஆபத்துகளும் இங்கே பிரிந்து, ஒன்று துயரமாகவும் மற்றது வேடிக்கையாகவும் ஆகிவிட்டன.

லேடி கேத்தரின் விஷயத்திலும் இதே கூர்மை தெரிகிறது. ஆஸ்டினின் கதையில் அவர் டார்சியின் தாயுடன் பிறந்தவர்; தன் மகளை டார்சிக்குக் கட்டிவைக்கத் துடிக்கிறார். நம்மில் தாயுடன் பிறந்தவளின் மகள் தங்கை முறை. யாரும் அப்படி வாய் திறந்து கேட்கமாட்டார்கள். ஆகவே இந்தத் தொடரில் அவர் அயித்தையாகிவிட்டார். அயித்தை ஆனதும் அவருடைய கோரிக்கை அதிகப்பிரசங்கித்தனமாக இல்லாமல் முறையான உரிமையாகிவிடுகிறது. எலிசபெத்தின் இடத்தில் இருக்கும் பெண் இப்போது எதிர்த்து நிற்பது ஒரு திமிர்பிடித்த சீமாட்டியை அன்று, ஊரே ஒப்புக்கொண்ட ஒரு நியாயத்தை. முதல் சந்திப்புக்கு எழுத்தாளர் தேர்ந்துகொண்ட இடமும் பொருத்தமானது. மூலத்தில் வருவதுபோல நம் ஊரில் நடன விருந்து ஏது? தைப் பொங்கலுக்குப் பின் வரும் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டையில் நகரத்தார் குடும்பங்கள் வரிசையாகப் பானை வைக்கும் செவ்வாய்ப் பொங்கலில் அதை வைத்திருக்கிறார். எல்லாரும் எல்லாரையும் பார்க்கும் இடம். பார்க்காததுபோல் பார்க்கும் இடம். அங்கே புகைக்குள் நின்று ஒருவன் சொல்லும் அலட்சியமான ஒரு சொல், அடுப்புக்கு அந்தப் பக்கம் குனிந்திருக்கிறவள் காதில் விழுகிறது.

தொடரின் துணிச்சலான மாற்றம் பணத்தில் இருக்கிறது. டார்சியின் இடத்தில் இருப்பவருக்குக் கொடுக்கல் வாங்கல் பர்மாவில். 1930-களின் விலைவீழ்ச்சியில் விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல்போய், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-இல் 6 விழுக்காடாக இருந்தது 1937-இல் 25 விழுக்காடாக உயர்ந்தது என்பது வரலாறு. கொடுத்த பணம் வயலாக மாறிவிட்டது. வயலை யாரும் விலைக்கு வாங்கவில்லை. ஊரார் கண்ணுக்கு அவர் பெரும் பணக்காரர், கணக்குப்பிள்ளைக்கு மட்டும்தான் உண்மை தெரியும் என்ற நிலையை இந்த எழுத்தாளர் மிக நன்றாகக் கையாண்டிருக்கிறார். அந்தப் பணக்காரர் எழுதும் விளக்கக் கடிதம் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்துசேர நாளாகிறது; கடிதம் கடலில் இருக்கும்போதே இங்கே நிலைமை மாறிவிடுகிறது. கதையை இத்தனை கெட்டியாகக் கட்டிய எழுத்தாளர், 1942-இல் பர்மா கைவிட்டுப்போனதும் தடுமாறுகிறார். எல்லாம் இழந்து ஊர் திரும்பியவரை அந்தப் பெண் ஏற்பதாக நான்கே பத்தியில் முடித்திருக்கிறார். பெம்பர்லி மாளிகையைப் பார்த்து மனம் மாறியவள் என்ற பழியிலிருந்து கதாநாயகியை விடுவிக்க நினைத்தது புரிகிறது. ஆனால் அவள் தகப்பனார் ஏன் சம்மதித்தார், சுவீகாரப் பிள்ளை என்ன சொன்னான், செலவுக்கு என்ன வழி என்பதற்கெல்லாம் விடை இல்லை. முதல் இருபது அத்தியாயத்தில் கணக்கில் காட்டிய கண்டிப்பைக் கடைசியில் கைவிட்டிருக்க வேண்டாம்.

சேவையின் குறைகள் என்று சொன்னால், தளத்தின் முகப்பும் வழிமுறைகளும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. இது போன்றதைப் படித்தவர்களுக்கு இதையும் பரிந்துரைக்கிறோம் என்று எடுத்துத் தரும் ஏற்பாடு இல்லை, ஆகவே தேடிப் பழக வேண்டும். முடிந்த கதைகள் மட்டும் என்று வடிகட்டாவிட்டால் மனம் உடையும். எழுதியவருக்கு வேலை வந்திருக்கும், குழந்தை பிறந்திருக்கும், கதை அந்தரத்தில் நிற்கும். நாவலுக்குக் காப்புரிமை இல்லாததால், இங்கே இலவசமாக எழுதி முடித்த கதையை எடுத்துவிட்டு மின்னூலாக விற்பனைக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. அது அவர்கள் உரிமை. பிடித்த கதையை உடனே பதிவிறக்கி வைத்துக்கொள்வது நம் சாமர்த்தியம். அப்படி விலைக்கு வரும் மின்னூல்களில் எழுத்துப்பிழை குறைவு, அட்டை அழகு. ஆனால் விற்கும் சூத்திரம் தெரிந்துவிட்டதாலோ என்னவோ, கட்டாயக் கல்யாணமும் திடீர்ச் சொத்தும் அங்கே இன்னும் அதிகம். சார்லட்டின் பின்னறையை யாரும் விலைக்குப் போட்டு நான் பார்க்கவில்லை.

வீட்டில் சிறு பிள்ளைகளிடம் போனைக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வயது வந்தோர்க்கு மட்டுமான கதைகளும் இதே இடத்தில்தான் இருக்கின்றன. தரக்குறியீடு ஒவ்வொரு கதையிலும் இருக்கிறது, வடிகட்டியில் அதை விலக்கிவிடலாம். ஆனால் விலக்குவது படிப்பவர் பொறுப்பு.

புதிதாக நுழைகிறவர்கள் மூல நாவலின் 61 அத்தியாயங்களையும் முதலில் படித்துவிட வேண்டும். காப்புரிமை இல்லாத நூல் என்பதால் அதுவும் இலவசமாகவே கிடைக்கும். அதன்பின் நாவலின் பெயரைத் தேர்ந்து, முடிந்தவை என்று குறித்து, கட்டாயக் கல்யாணக் குறிச்சொல்லை விலக்கி, சார்லட், மேரி, திருமதி பென்னட் என்று துணைப் பாத்திரங்களின் பெயரில் தேடினால் நல்ல சரக்கு விரைவில் கைக்கு வரும். பெரிய ஆச்சிக்கு இப்போது வேண்டியது, அந்த ஐந்து பெண்களின் தாயார் தன் வாயால் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லும் முழு நீளக் கதை. தேடியவரை சிறுகதைகளாகவே கிடைத்தன, அவற்றிலும் பாதி அவரைக் கேலி செய்வதிலேயே குறியாக இருக்கின்றன. நல்லதாக ஒன்றைப் படித்தவர்கள் இருந்தால் தெரிவியுங்கள்.